விற்ற பின்னும் நீளும் கை

நிலமோ வீடோ விற்கும்போது எழுதப்படும் கிரயப் பத்திரத்தில் ஒரு பழைய சொற்றொடர் வரும். வாங்குகிறவர் அச்சொத்தைச் சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ‘ஆண்டு அனுபவித்துக்கொள்ள’ வேண்டியது என்று விற்கிறவர் எழுதிக் கொடுப்பார். ‘அனுபவித்துக்கொள்ள’ என்று மட்டும் எழுதி நிறுத்தாமல் ‘ஆண்டு அனுபவித்துக்கொள்ள’ என்று எழுதிய நம் முன்னோர் உடைமையின் இரு பக்கங்களையும் நன்கு அறிந்திருந்தனர். ஒரு பொருளால் பயன் பெறுவது ஒன்று. அப்பொருள் எவ்வாறு இருக்க வேண்டும், எதற்குப் பயன்பட வேண்டும் என்று தீர்மானிப்பது மற்றொன்று. வாடகைக்குக் குடியிருப்பவரும் வீட்டை அனுபவிக்கிறார். ஆனால் அவர் அதை ஆள்வதில்லை. இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருக்கும்போதுதான் அவரை உரிமையாளர் என்கிறோம்.

இன்று நம் வீடுகளுக்குள் வரும் பல பொருள்களில் இவ்விரண்டும் பிரிந்து நிற்கின்றன. கைப்பேசி, தொலைக்காட்சி, கண்காணிப்புக் கேமரா, அச்சுப்பொறி, மின்சாரக் கார், கதவுப் பூட்டு என இணையத்தோடு இணைந்த கருவி ஒவ்வொன்றின் உள்ளேயும் அதை இயக்கும் மென்பொருள் ஒன்று இருக்கிறது. அக்கருவி அவ்வப்போது தன்னை உருவாக்கிய நிறுவனத்தின் கணினியைத் தொடர்புகொண்டு, புதிய பதிப்பு ஏதும் உண்டா என்று வினவுகிறது. உண்டெனில் அதைப் பெற்றுக்கொண்டு, அதில் நிறுவனத்தின் எண்ணியல் முத்திரை இருக்கிறதா என்று சரிபார்த்து, பழையதை நீக்கிப் புதியதை நிறுவிக்கொள்கிறது. பெரும்பாலும் இது நாம் உறங்கும் நேரத்தில் நடந்து முடிந்துவிடுகிறது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கருவி தேடும் அந்த முத்திரை விற்றவருடையது, வாங்கியவருடையது அன்று. விலையைப் பெற்றுக்கொண்ட பின்னும் விற்றவரின் கை பொருளை விட்டு நீங்கவில்லை.

அந்தக் கை பராமரிக்கும் கையா, ஆளும் கையா? அறநெறியில் அக்கறை உள்ளோர் இக்கேள்வியைத் தொழில்நுட்ப வல்லுநரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிவிட முடியாது.

பராமரிக்கும் கை

முதலில், விற்றவரின் பொறுப்பு விற்பனையோடு முடிந்துவிடுவதில்லை என்பதை ஏற்றுக்கொள்வோம். திருவிவிலியம் இதில் தெளிவாக இருக்கிறது. குழி தோண்டியவன் அதை மூடாமல் விட்டு, அதில் அயலானின் மாடோ கழுதையோ விழுந்தால் ஈடு செய்ய வேண்டியவன் குழிக்கு உரியவனே என்கிறது விடுதலைப் பயண நூல் (21:33-34). புது வீடு கட்டுவோர் மாடியிலிருந்து எவரும் விழுந்துவிடாதபடி கைப்பிடிச் சுவரையும் கட்ட வேண்டும் என்கிறது இணைச்சட்ட நூல் (22:8). பிழையுள்ள மென்பொருள் மூடப்படாத குழி போன்றது. அதை மூடுவது, தோண்டியவரின் கடமை.

முன்பெல்லாம் அக்கடமையை ஆற்றுவது எளிதாக இருக்கவில்லை. 2015-ஆம் ஆண்டு ஜூலையில், ஓடிக்கொண்டிருந்த ஜீப் வண்டியொன்றைத் தொலைவில் இருந்தபடியே கட்டுப்படுத்த முடியும் என்று இரு ஆய்வாளர்கள் மெய்ப்பித்துக் காட்டினர். அதையடுத்து அமெரிக்காவில் 14 இலட்சம் வண்டிகளின் மென்பொருளைத் திருத்த வேண்டியதாயிற்று. திருத்தம் அடங்கிய சிறு நினைவகக் கருவியை உரிமையாளர்களுக்கு அஞ்சலில் அனுப்பியது நிறுவனம். அதைப் பயன்படுத்தாமல் விட்டவர்களின் வண்டிகளில் குழி மூடப்படாமலே இருந்திருக்கும். 2018-ஆம் ஆண்டு மே மாதம் ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ என்னும் அமெரிக்க இதழ் டெஸ்லா கார் ஒன்றைச் சோதித்தபோது, மணிக்கு 60 மைல் வேகத்தில் சென்ற அந்தக் கார் நிற்பதற்கு 152 அடி தொலைவு பிடித்தது. நிறுவனம் தொலைவிலிருந்தே திருத்தத்தை அனுப்பிய பின், அதே கார் 133 அடியில் நின்றது. குறைந்த 19 அடி, சாலையைக் கடக்கும் ஒரு குழந்தையின் உயிராக இருக்கலாம். இதை நன்மை என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

புதுப்பித்தலை ஏற்க மறுப்பதும் எப்போதும் ஒருவரது சொந்த விருப்பமாகிவிடாது. 2016-ஆம் ஆண்டு அக்டோபரில், ‘மிராய்’ என்னும் தீய நிரல் புகுந்த கேமராக்களும் வீட்டு ரௌட்டர்களும் ஒருசேரத் தாக்கியதால், உலகில் பலரும் பயன்படுத்தும் இணையதளங்கள் பல மணி நேரம் முடங்கின. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல் மாற்றப்படாமலே இருந்த கருவிகள் அவை. அவற்றின் உரிமையாளர்கள் எவருக்கும் தீங்கு நினைத்தவர்கள் அல்லர். தங்கள் வீட்டுப் பொருள் அயலாரைத் தாக்கியதை அறிந்தவர்களும் அல்லர். 2017-ஆம் ஆண்டு மே மாதம் ‘வான்னாகிரை’ என்னும் நச்சுநிரல் பிரிட்டனின் பொது மருத்துவமனைகளை முடக்கியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் வெளிவந்து ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. திருத்தம் இருந்தும் நிறுவப்படாத கணினிகளால் நோயாளிகள் திருப்பி அனுப்பப்பட்டனர். திருத்தந்தை 2-ஆம் யோவான் பவுல் 1987-இல் எழுதிய சுற்றுமடலில், தனியுடைமையின்மீது சமூகத்திற்குரிய ஓர் அடமானம் இருக்கிறது என்ற கருத்தை வலியுறுத்தினார். கைப்பேசிக்கும் கேமராவுக்கும் அது பொருந்தும். என் கருவி பிறருக்குத் தீங்காகாதபடி காத்துக்கொள்வது பொது நன்மைக்கு நான் செலுத்த வேண்டிய கடன்.

ஆளும் கை

இவ்வளவு நன்மையும் எந்த வாசல் வழியாக வருகிறதோ, அதே வாசல் வழியாகத்தான் ஆதிக்கமும் வருகிறது.

2009-ஆம் ஆண்டு ஜூலையில், அமேசான் நிறுவனத்தின் ‘கிண்டில்’ கருவிகளிலிருந்து ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய இரு நூல்கள் வாசகருக்குத் தெரியாமல் அழிக்கப்பட்டன. அவற்றை வெளியிட்டவருக்கு அதற்கான உரிமை இல்லை என்பது காரணம். விலை திருப்பித் தரப்பட்டது. நிறுவனத்தின் தலைவர் பின்னர் வெளிப்படையாக மன்னிப்பும் கேட்டார். அழிக்கப்பட்டவற்றுள் ஒன்று, கடந்த கால ஏடுகளை அரசு அழித்துத் திருத்துவதைச் சித்திரிக்கும் ‘1984’ என்னும் புதினம். புத்தகக் கடைக்காரர் இரவில் நம் வீட்டினுள் நுழைந்து, அலமாரியிலிருந்த நூலை எடுத்துக்கொண்டு, மேசைமேல் பணத்தை வைத்துவிட்டுச் சென்றால் அதை நேர்மை என்போமா? பணம் கணக்கைச் சரிசெய்யும்; வாசலைத் திறந்ததைச் சரிசெய்யாது.

2016-ஆம் ஆண்டு செப்டம்பரில், எச்.பி. நிறுவனத்தின் சில அச்சுப்பொறிகள் பிற நிறுவனங்களின் மைப்பெட்டிகளை ஏற்க மறுக்கத் தொடங்கின. அதற்குக் காரணமான மென்பொருள் ஏற்பாட்டைப் பாதுகாப்பு என்றே நிறுவனம் அழைத்தது. அதே ஆண்டு மே மாதம், வீட்டு விளக்குகளையும் பிற கருவிகளையும் இயக்கி வந்த ‘ரிவால்வ்’ என்னும் சாதனம் பயனற்றதாகியது. அதை உருவாக்கிய நிறுவனத்தை விலைக்கு வாங்கிய நெஸ்ட் நிறுவனம், பின்னிருந்து இயக்கிய கணினிச் சேவையை நிறுத்தியதே காரணம். சாதனத்தில் பழுது ஏதுமில்லை. 300 டாலர் அளவுக்கு விலை கொடுத்தவர்களின் கையில் ஒரு வெற்றுப் பெட்டி எஞ்சியது.

உண்மையை மறைப்பதும் ஆதிக்கத்தின் ஒரு வடிவமே. 2017-ஆம் ஆண்டு சனவரியில் வந்த ஒரு புதுப்பித்தல், மின்கலம் தேய்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தைத் தேவைக்கேற்பக் குறைத்தது. கைப்பேசி திடீரென அணைந்துவிடாமல் காப்பதே நோக்கம் என்று ஆப்பிள் நிறுவனம் விளக்கியது. ஆனால் அவ்விளக்கம் வந்தது அந்த ஆண்டின் டிசம்பரில். இடைப்பட்ட மாதங்களில், மின்கலத்தை மாற்றினால் போதும் என்பதை அறியாமல் புதிய கைப்பேசியே வாங்கியவர்கள் இருந்திருப்பார்கள். நுகர்வோருக்கு உரிய தகவலைத் தராததற்காகப் பிரான்சு அரசின் துறை 2020-இல் இரண்டரைக் கோடி யூரோ அபராதம் விதித்தது. விற்கும் பொருளின் குறை வெளிப்படையாகத் தெரியாததாகவும், வாங்குபவருக்கு இழப்போ ஆபத்தோ விளைவிப்பதாகவும் இருந்தால், அதை எடுத்துச் சொல்ல விற்பவர் கடமைப்பட்டவர் என்று புனித தோமா அக்குவினாஸ் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே கற்பித்தார். சந்தையில் மாடு விற்பவருக்குப் பொருந்திய அறம் மென்பொருள் அனுப்புபவருக்கும் பொருந்தும்.

இவையெல்லாம் எளிதில் கண்டுகொள்ளக்கூடிய குறைகள். ஓர் இரக்கச் செயலே நம்மை இன்னும் ஆழமாகச் சிந்திக்க வைக்கிறது. 2017-ஆம் ஆண்டு செப்டம்பரில் ‘இர்மா’ புயல் புளோரிடாவை நெருங்கியது. டெஸ்லாவின் விலை குறைந்த சில கார்களில் 75 கிலோவாட்-மணி கொள்ளளவுள்ள மின்கலமே பொருத்தப்பட்டிருந்தது. ஆனால் அதில் 60 வரை மட்டுமே பயன்படுத்தும்படி மென்பொருள் கட்டுப்படுத்தியிருந்தது. புயலுக்குத் தப்பி ஓடுவோர் கூடுதல் தொலைவு செல்லும் வகையில், நிறுவனம் தொலைவிலிருந்தே அக்கட்டுப்பாட்டைச் சில நாள்களுக்கு நீக்கியது. ஆபத்து வேளையில் செய்த உதவி அது, நன்றி கூறத்தக்கது.

எனினும் அந்த உதவி ஓர் உண்மையையும் வெளிக்காட்டியது. திறக்க முடிந்த கையால் மூடவும் முடியும். குறைந்த விலை கொடுத்தவருக்குக் குறைந்த பயன் என்பது வணிக ஒப்பந்தத்தின்படி சரியாக இருக்கலாம். அதில் ஏமாற்று இல்லை. ஆனால், தப்பிப் பிழைப்பதற்கான 15 அலகு மின்திறன் ஒருவரது வண்டியின் அடியிலேயே இருக்க, அதைத் தருவதும் தராததும் வேறொருவரின் மனநிலையைப் பொறுத்தது என்றால், அவர் உரிமையாளரா, அருளைப் பெற்று வாழ்பவரா? அடுத்த புயலில், வேறொரு நாட்டில், வேறொரு தலைவரின் கீழ் அந்தக் கை திறக்குமா? உரிமையாகக் கிடைக்க வேண்டியது ஒருவரது தயவாகக் கிடைக்கும்போது, பெறுபவரின் மாண்பு சற்றே குறைந்துவிடுகிறது. குடும்பத்தின் தன்னுரிமைக்கும் நிலைபேற்றுக்கும் உடைமை அரணாக இருக்கிறது என்று திருத்தந்தை 13-ஆம் லியோ 1891-இல் வாதிட்டார். அவரது கவலை ஆலைத் தொழிலாளியைப் பற்றியது. ஆனாலும், தான் வாங்கிய பொருளிலேயே பிறர் தயவை எதிர்நோக்கி நிற்கும் நிலை அக்கவலைக்கு அயலானது அன்று.

கேட்டுச் செய்யும் நன்மை

அப்படியானால் பராமரிக்கும் கையையும் ஆளும் கையையும் பிரித்தறிவது எவ்வாறு? இரண்டும் ஒரே கருவியையே பயன்படுத்துகின்றன. எனவே வேறுபாட்டைக் கருவியில் தேடிப் பயனில்லை. உறவில் தேட வேண்டும்.

பெத்சதா குளத்தருகே 38 ஆண்டுகளாக நோயுற்றுக் கிடந்தவரிடம், குணமடைய அவருக்கு விருப்பமா என்று ஆண்டவர் முதலில் கேட்டார் (யோவான் 5). பார்வையற்ற பர்த்திமேயுவுக்கு என்ன வேண்டும் என்பது கண்டவர் எல்லாருக்கும் தெரிந்ததே. ஆயினும் தாம் என்ன செய்ய வேண்டும் என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்த பிறகுதான் இயேசு பார்வை அளித்தார் (மாற்கு 10). மீட்பின் வரலாறே நாசரேத்தூரில் ஓர் இளம்பெண்ணின் சம்மதத்திற்காகக் காத்து நின்றது. எல்லாம் வல்லவர் கதவை உடைப்பவராக அல்ல, கதவருகே நின்று தட்டுபவராகவே திருவெளிப்பாட்டில் தம்மைக் காட்டுகிறார் (3:20). பிறருக்கு நன்மை எது என்று ஐயமின்றி அறிந்தவரே கேட்டுக் காத்திருந்தாரெனில், ஐயத்தோடு மட்டுமே அறியக்கூடிய மனிதர் கேட்காமல் செய்வது எவ்வாறு தகும்?

2017-ஆம் ஆண்டு ஆகஸ்டில் நடந்த ஒன்று இதற்கு எடுத்துக்காட்டாக அமைகிறது. அபாட் நிறுவனத்தின் ‘பேஸ்மேக்கர்’ கருவிகளில், அயலார் புகுந்து குறுக்கிடக்கூடிய ஓட்டை ஒன்று இருப்பது தெரியவந்தது. அமெரிக்காவில் மட்டும் 4,65,000 கருவிகள் மனிதரின் நெஞ்சுக்குள் இயங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்கான திருத்தத்தை இணையம் வழியாக வீட்டிலேயே நிறுவும் வழி வைக்கப்படவில்லை. நோயாளி மருத்துவரிடம் நேரில் செல்ல வேண்டும். திருத்தத்தால் வரும் நன்மையையும் கருவி பழுதாகும் சிறு வாய்ப்பையும் இருவரும் பேசி முடிவெடுக்க வேண்டும். பிறகே சுமார் மூன்று நிமிடங்களில் அது நிறுவப்படும். அந்நேரத்தில் கருவி, நிமிடத்திற்கு 67 துடிப்பு என்னும் காப்பு நிலையில் இதயத்தை இயக்கும். உயிருக்கு மிக நெருங்கிய கருவியில் மனிதர் தட்டிக் கேட்டே நுழைந்தனர்.

‘ஒப்புக்கொள்கிறேன்’ என்னும் பொத்தானை நாம்தாமே அழுத்துகிறோம், அது சம்மதம் ஆகாதா என்று சிலர் கேட்கலாம். கத்தோலிக்கராகிய நாம் சம்மதத்தின் பொருளைச் சிறுவயது மறைக்கல்வியிலிருந்தே அறிவோம். முழு அறிவும் முழு மனமும் இல்லாத இடத்தில் சாவான பாவம் இல்லை. அச்சுறுத்திப் பெற்ற சம்மதத்தால் திருமணம் செல்லுபடியாவதில்லை. பாவத்திற்கும் திருவருட்சாதனத்திற்கும் இவ்வளவு கண்டிப்பாகப் பார்க்கும் நாம், எவரும் படித்து முடிக்க இயலாத பல பக்க ஒப்பந்தத்தின் அடியில், அழுத்தாவிட்டால் கருவி இயங்காது என்ற நிலையில் அழுத்தும் பொத்தானைச் சம்மதம் என்று எளிதாக ஏற்றுக்கொள்ளலாமா?

மறுபக்கத்தையும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். நச்சுநிரல் பரவும் வேளையில் ஒவ்வொருவரின் அனுமதிக்காகவும் காத்திருந்தால் பலர் பாதிக்கப்படுவர். பூட்டிய வீட்டில் தீப்பற்றினால் அயலார் கதவை உடைத்து நுழையலாம், நுழைய வேண்டும். ஆனால் தீயை அணைக்க வந்தவர் தீயை அணைத்துவிட்டு வெளியேறுவார். வீட்டுக்காரர் திரும்பியதும் நடந்ததைச் சொல்வார். அணைக்க வந்த சாக்கில் வீட்டுப் பொருள்களைத் தம் விருப்பப்படி மாற்றி வைக்க மாட்டார். இனிமேல் தம் கடையில்தான் எண்ணெய் வாங்க வேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டும் போக மாட்டார். இங்கேதான் அறத்தின் எல்லைக்கோடு இருக்கிறது என்று நான் கருதுகிறேன். பாதுகாப்புக்கான பழுது நீக்கம் ஒன்று. பொருளின் தன்மையை மாற்றுவது மற்றொன்று. முன்னதை அவசர வேளையில் கேளாமலும் செய்யலாம், பின்னர் சொல்லிவிட வேண்டும். பின்னதைக் கேளாமல் செய்ய எவருக்கும் உரிமையில்லை. இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, வேண்டுமானால் இரண்டையும் பெற்றுக்கொள், இல்லையேல் பாதுகாப்பின்றி இரு என்பது, மருந்தோடு விலங்கையும் சேர்த்து நீட்டுவதாகும்.

ஒரு கையின் தவறு

கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: அந்தக் கை தவறக்கூடியது. 2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள், கணினிகளைக் காக்கும் பணியிலுள்ள ‘கிரவுட்ஸ்ட்ரைக்’ நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு கோப்பால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் செயலிழந்தன. 78 நிமிடங்களில் அக்கோப்பு திரும்பப் பெறப்பட்டும், அதற்குள் விமானங்கள் நின்றன. மருத்துவமனைகளும் வங்கிகளும் தடுமாறின. தொலைவிலிருந்து கெடுத்ததைத் தொலைவிலிருந்தே சரிசெய்யவும் பெரும்பாலும் இயலவில்லை. கணினி ஒவ்வொன்றின் முன்னும் ஒரு மனிதர் சென்று அமர வேண்டியிருந்தது. முதலில் சிலருக்கு அனுப்பி, விளைவைப் பார்த்து, பிறகு பலருக்கு அனுப்பும் முறையை அந்நிறுவனம் அதன் பின்னர் மேற்கொண்டது. விவேகம் என்று நாம் போற்றும் நற்பண்பு தொழிற்கூடத்தில் எடுக்கும் உருவம் இதுவே.

கை நீள்வதைப் பற்றி இதுவரை பேசினோம். கை விலகிக்கொள்வதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கூகுள் நிறுவனம் 2023-இலும் சாம்சங் நிறுவனம் 2024-இலும் தங்கள் உயர்விலைக் கைப்பேசிகள் சிலவற்றுக்கு ஏழு ஆண்டுகள் புதுப்பித்தல் தருவதாக அறிவித்தன. மலிவான கைப்பேசிகளுக்குப் பொதுவாக அவ்வளவு காலம் கிடைப்பதில்லை. ஆனால் ஒரு கைப்பேசியை நெடுங்காலம் வைத்துப் பயன்படுத்துகிறவர் ஏழையே. பிறர் பயன்படுத்திய கைப்பேசியை வாங்குகிறவரும் அவரே. பாதுகாப்பு முதலில் நின்றுபோவது அவருக்குத்தான். தம் சிறு சேமிப்பையும் அவர் அதே கைப்பேசி வழியாகத்தான் கையாள்கிறார். பிரிட்டனில் 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் 29 முதல் நடைமுறையில் உள்ள சட்டம், குறைந்தது எவ்வளவு காலம் பாதுகாப்புத் திருத்தம் தரப்படும் என்பதை உற்பத்தியாளர் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்கிறது. அந்தக் காலம் எவ்வளவு என்று அச்சட்டம் வரையறுக்கவில்லை. ஆயினும் உண்மையைச் சொல்லும்படி கேட்பது நல்ல தொடக்கம். பயன்படுத்தி எறியும் பண்பாட்டைப் பற்றித் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் விடுத்த எச்சரிக்கையை, பழுதில்லாமலே குப்பைக்குச் செல்லும் கருவிகளின் முன் நின்று மீண்டும் வாசிக்கலாம்.

நம் மனச்சான்றுக்கு

நம் பங்குகளைச் சேர்ந்த இளைஞர், இளம்பெண்கள் பலர் மென்பொருள் துறையில் பணிபுரிகின்றனர். முகம் தெரியாத இலட்சக்கணக்கானோரின் வீடுகளுக்குள் நுழையும் நிரலை எழுதுவோரும், சோதிப்போரும், அனுப்புவோரும் அவர்களுள் இருக்கிறார்கள். அது பொருள் ஈட்டும் வேலை மட்டுமன்று, அயலாரின் வாசலில் நிற்கும் வேலை. இரவுச் செபத்தின்போது அவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ள மூன்று கேள்விகள் போதும். இன்று நான் அனுப்பியதில் எதையேனும் மறைத்தேனா? பெறுபவருடைய நலனுக்காக அனுப்பினேனா, அவரைக் கட்டி வைப்பதற்காகவா? தவறு நேர்ந்தால் அவர் பழைய நிலைக்குத் திரும்பிச் செல்ல வழி வைத்தேனா?

மற்றவர்களாகிய நமக்கும் கடமை உண்டு. பாதுகாப்புத் திருத்தங்களைத் தள்ளிப் போடாமல் ஏற்பது அயலார் அன்பின் ஒரு பகுதி. வாங்குமுன், எத்தனை ஆண்டுகள் இப்பொருளைக் காப்பீர்கள் என்று கடைக்காரரிடம் கேட்பது நுகர்வோரின் உரிமை. பலர் கேட்கத் தொடங்கினால் விற்போர் பதில் சொல்லக் கடமைப்படுவர்.

நம் இல்லங்களிலும் இதே கை உண்டு. வயதான தாயின் கைப்பேசியை வாங்கி, அவருக்கு நல்லது என்று எண்ணி, அவர் பழகிய எழுத்தளவையும் படங்களையும் மாற்றித் திருப்பித் தரும் பிள்ளைகள் எத்தனை பேர்! மறுநாள் காலையில் தம் தங்கையை அழைக்க வழி தெரியாமல் அந்தத் தாய் விழிக்கிறார். மறதி வந்துவிட்டதோ என்று தம்மையே ஐயுறுகிறார். பெரிய நிறுவனங்களிடம் நாம் கேட்கும் நீதியை அங்கே முதலில் வழங்கலாம். “அம்மா, இதை மாற்றட்டுமா?” என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லும் பதிலுக்காகக் காத்திருப்போம்.